வீட்டுக்காரருக்கு 3பி சார்ஜ் மெமோ வந்திருக்கு, வேலை போயிருமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

காக்கிவீடு:

வணக்கம். என் வீட்டுக்காரர் கிரேடு டூ போலீஸ், தாலுகா ஸ்டேஷன்ல இருக்கார், தெக்க ஒரு மாவட்டம், எந்த ஸ்டேஷன்னு இங்க சொல்லல தப்பா எடுத்துக்காதீங்க. ஒம்பது வருஷ சர்வீஸ் முடிஞ்சிருச்சு, அடுத்த வருஷம் கிரேடு ஒன் ஆகணும். நாலு மாசத்துக்கு முன்னாடி உடம்பு சரியில்லாம 37 நாள் டியூட்டிக்கு போகல, லீவும் முறையா எழுதிக் குடுக்கல, போன்ல மட்டும் ஸ்டேஷனுக்கு சொல்லிருக்கார், அவங்க சரி சரின்னுட்டு ஜி.டி.ல, அதான் ஸ்டேஷன் பொது டைரில, ஆப்சென்ட் போட்டுட்டாங்க. 21 நாள் தாண்டுனதும் டெசர்ட்டர், அதாவது வேலையை விட்டு ஓடிட்டவர்னு ஆர்டர் போட்டு வீட்டுக் கதவுல ஒட்டிட்டுப் போனாங்க, தெருவே நின்னு வேடிக்கை பாத்துச்சு, அதை விடுங்க. அப்புறம் நான்தான் கூட்டிட்டுப் போய் எஸ்.பி. ஆபீஸ்ல நிக்க வச்சேன், ஓ.ஆர்.ல (ஆர்டர்லி ரூம், அதிகாரி நேர்ல விசாரிக்கறது) விசாரிச்சு டியூட்டில சேத்துக்கிட்டாங்க. பிரச்சனை முடிஞ்சுதுன்னு நெனச்சோம், இப்ப போன வாரம் 3பி சார்ஜ் மெமோ குடுத்துருக்காங்க. கூட வேலை பாக்குறவர் ஒருத்தர் "3பி வந்தா வீட்டுக்குத்தான்"னு சொல்லிட்டார், அதுலருந்து மனுசன் சாப்பிடல தூங்கல. ரெண்டு பிள்ளைங்க இருக்கு, சொசைட்டி லோன் ஓடுது. என்ன பதில் எழுதணும், வக்கீல் வைக்கணுமா, வேலை போயிருமா, யாராச்சும் சொல்லுங்க.

ரிட்டயர்டு ரைட்டர்:

தங்கச்சி மொதல்ல அவரை சாப்பிடச் சொல்லும்மா. 3பி வந்தா வீட்டுக்குன்னு சொன்னவனுக்கு ரூலும் தெரியல ஒண்ணும் தெரியல. நான் 22 வருஷம் ஸ்டேஷன் ரைட்டரா குப்பை கொட்டுனவன், எத்தனை பி.ஆர்., அதான் தண்டனை ஃபைல், என் கையால எழுதி அனுப்பிருக்கேன் தெரியுமா, எனக்கே ரெண்டு வந்துச்சு, பென்ஷன் வாங்கிட்டுத்தான் இருக்கேன்.

நமக்கு இருக்கறது 1955ல போட்ட விதி, தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி ஒழுங்கு நடவடிக்கை மேல்முறையீட்டு விதிகள்னு பேரு. மத்த கவர்மென்ட் ஸ்டாஃபுக்கு 17ஏ, 17பின்னு வரும், அதே சரக்குதான் நமக்கு 3ஏ, 3பி. 3ஏன்னா சின்ன தண்டனை, சென்ஷர், பிளாக் மார்க், இன்க்ரிமென்ட் தள்ளிப்போடறதுன்னு, விளக்கம் வாங்கி முடிச்சுருவாங்க. 3பின்னா பெரிய தண்டனை குடுக்கற அளவுக்கு இருக்குன்னு நெனச்சு முழு விசாரணை வைக்கறது. பெரிய தண்டனை குடுத்தே ஆகணும்னு அர்த்தம் கெடையாது. 3பி போட்டு கடைசில ஒரு வருஷ இன்க்ரிமென்ட் கட்டோட முடிஞ்ச கேஸ்தான் நான் பாத்ததுல ஜாஸ்தி.

டெசர்ஷன் ஆர்டரும் அப்படித்தான், அது டிஸ்மிஸ் இல்ல. 21 நாள் தொடர்ந்து வராம இருந்தா அது தன்னால விழும், 60 நாளைக்குள்ள வந்து ஆஜராகி காரணம் சொல்லணும். உங்காளு 37ஆம் நாளே வந்துட்டார். 60 தாண்டியிருந்தா நான் வேற மாதிரி பேசிருப்பேன். நீ கையப் புடிச்சு கூட்டிட்டுப் போனியே அதுதான்மா இந்தக் கேஸ்லயே பெரிய காரியம்.

ஒண்ணு கேக்கணும், மெடிக்கல் பாஸ்போர்ட், அதான் ஆஸ்பத்திரிக்குப் போக ஸ்டேஷன்ல குடுக்கற சீட்டு, வாங்குனாரா? எந்த ஆஸ்பத்திரி?

ஏ.ஆர். குரூப்:

எதுக்கு இழுத்துக்கிட்டு. ஆப்சென்ட் கேஸ்ல நிரூபிக்க என்ன இருக்கு, வரல அவ்ளோதான். "தவறுதலாக நடந்துவிட்டது, இனிமேல் நடக்காது, கருணை கூர்ந்து மன்னிக்கவும்"னு ஒரு பேஜ் எழுதி எஸ்.பி. முன்னாடி நின்னு சல்யூட் அடிச்சா முடிஞ்சுது. எங்க பேட்ச்ல ரெண்டு பேர் அப்படித்தான் தப்பிச்சாங்க. வக்கீல் வச்சு சட்டம் பேசுனவன்தான் இன்னும் கோர்ட்டுக்கு அலையறான். மேல இருக்கவங்களுக்கு சட்டம் பேசறவனப் புடிக்காது.

சர்வீஸ்மேட்டர் வக்கீல்:

மேல சொன்னதைத் தயவுசெஞ்சு கேக்காதீங்க. இந்த "மன்னிக்கவும்" லெட்டரால கெட்ட கேஸுங்க என் டேபிள்ல அடுக்கி கெடக்கு. விசாரணை அதிகாரி அதை வச்சு என்ன எழுதுவார்னா, குற்றம் சாட்டப்பட்டவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார், அதனால் நிரூபணமாகிறது, ரெண்டே வரி. அப்புறம் அப்பீல்லயும் அதே பேப்பர்தான், ஹைகோர்ட்ல வந்து நான் வாய் திறந்தா நீதிபதி மொதல்ல கேக்கறதே "உங்க ஆளே ஒத்துக்கிட்டாரே"ன்னுதான்.

ஆப்சென்ட்ல நிரூபிக்க ஒண்ணுமில்லன்னு சொல்றதும் தப்பு. 2012ல சுப்ரீம் கோர்ட் கிருஷ்ணகாந்த் பர்மார் கேஸ்ல தெளிவா சொல்லிருக்கு, அவரும் சாதாரண ஆபீஸ் ஆள் இல்ல, இன்டெலிஜென்ஸ் பீரோல வேலை பாத்தவர். டியூட்டிக்கு வரலங்கறது மட்டும் போதாது, வேணும்னே வராம இருந்தாரா, இல்ல உடம்பு, ஆஸ்பத்திரி மாதிரி அவர் கையில இல்லாத காரணமான்னு பாக்கணும், வேணும்னே இருந்தார்னு காட்டலைன்னா அது குற்றமே ஆகாதுன்னு சொல்லி டிஸ்மிஸ்ஸ ரத்து பண்ணி வேலையில சேக்கச் சொல்லிச்சு. இந்தத் தீர்ப்பு ஒண்ணு இருக்குன்னு எல்லாம் சரியாயிருச்சுன்னு நெனச்சுராதீங்க, யூனிஃபார்ம் போட்டவன் மாசக்கணக்குல காணாமப் போனா வேலையை விட்டு எடுத்தது சரின்னு சொன்ன தீர்ப்பும் நெறைய இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் பண்றது காகிதம்தான். என்னைக்கு அட்மிட், என்னைக்கு டிஸ்சார்ஜ், ஸ்டேஷனுக்கு யார் போன் பண்ணா, எந்த நம்பர்லருந்து, அது இருக்கா?

அதனால பதில் இப்படி இருக்கணும்: இத்தனை நாள் டியூட்டிக்கு வர முடியலங்கறதை மறைக்க வேணாம். ஆனா "வேண்டுமென்றே வராமல் இருக்கவில்லை, குற்றச்சாட்டை மறுக்கிறேன், வாய்மொழி விசாரணை வேண்டும்"னு கண்டிப்பா இருக்கணும். விசாரணை வேணாம்னு எழுதிக் குடுக்காதீங்க, அதுல கையெழுத்து போடச் சொல்லி ஒரு ஃபார்ம் நீட்டுவாங்க, படிக்காம போட்டுராதீங்க.

காக்கிவீடு:

ரைட்டர் அண்ணனுக்கும் வக்கீல் சாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து இதைப் படிச்சிட்டு ராத்திரி பூரா யோசிச்சேன், முழுசா சொல்லலைன்னா நீங்க சொல்ற பதிலும் தப்பாத்தான் வரும். உடம்பு சரியில்லன்னு நான் எழுதுனது பாதி உண்மை. அவங்கப்பா தவறுனதுலருந்து குடி ஜாஸ்தியாயிருச்சு. திருவிழா பந்தோபஸ்துல தொடர்ந்து அஞ்சு நாள் நின்னுட்டு வந்தார், வந்தவர் எந்திரிக்கவே இல்ல. மொதல் ரெண்டு வாரம் வீட்லதான் கெடந்தார், குடிச்சிட்டுக் கெடந்தார்னே சொல்றேன், அப்புறம் கை நடுங்கி நாக்கு குழறி ஃபிட்ஸ் மாதிரி வந்துருச்சு, ஜி.ஹெச்.ல சேத்தோம். 18 நாள் டி-அடிக்ஷன் வார்டு. டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கு. பாஸ்போர்ட் வாங்கல அண்ணே, வாங்கப் போனா இன்ஸ்பெக்டருக்குத் தெரிஞ்சுரும்னு பயந்துட்டோம். இப்ப குடிக்கல, மூணு மாசம் ஆச்சு. இந்த டிஸ்சார்ஜ் சம்மரியக் குடுத்தா குடிகாரன்னு முத்திரை குத்தி அதுக்குத் தனியா ஒரு சார்ஜ் போடுவாங்கன்னு அவர் சொல்றார். மஞ்சக்காமாலைன்னு ஒரு தனியார் கிளினிக்ல சர்டிபிகேட் வாங்கித் தரேன்னு அவர் ஃபிரண்டு சொல்றார். என்ன பண்ண?

ரிட்டயர்டு ரைட்டர்:

நெனச்சேன் தாயி. அதான் எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டேன். வெக்கப்பட ஒண்ணுமில்ல, நம்ம டிபார்ட்மென்ட்ல எத்தனை வீட்ல இந்தக் கதை இருக்குன்னு எனக்குத் தெரியும், ரோல் கால்ல நிக்கும்போதே வாடை சொல்லிரும்.

ஆனா அந்த மஞ்சக்காமாலை சர்டிபிகேட்டக் கையால தொடாத. சத்தியமா சொல்றேன். இப்ப அவர் மேல இருக்கறது வரலங்கற சார்ஜ். போலி சர்டிபிகேட் குடுத்தா அது ஃபோர்ஜரி, தனி கிரிமினல் கேஸ் ஆகும், அன்னைக்கு நெஜமாவே வேலை போகும். டி.எஸ்.பி. விசாரணைக்கு உக்காந்தா அந்த டாக்டரக் கூப்பிட்டு ஓ.பி. சீட்டு கொண்டான்னுதான் மொதல்ல கேப்பார். சிக்க வைக்கறது ரொம்ப ஈஸி.

சர்வீஸ்மேட்டர் வக்கீல்:

ரைட்டர் சார் சொன்னதுல ஒரு எழுத்து மாத்த வேணாம். ஜி.ஹெச். டிஸ்சார்ஜ் சம்மரிதான் உங்க கையில இருக்கற ஒரே உருப்படியான ஆயுதம், அதைப் போய் ஒளிச்சு வைக்கறீங்க. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்துல மனநோய்னா என்னன்னு சொல்ற எடத்துலயே மது, போதைப் பழக்கத்தால வர்ற மனநிலைப் பாதிப்பையும் சேத்துத்தான் எழுதிருக்காங்க. டியூட்டில குடிச்சிட்டு வந்தார்னு ஒரு சார்ஜ் இருந்தா அது வேற. உங்களுக்கு வந்த மெமோல அது இல்லல்ல? குடியால உடம்பு கெட்டு, தானா போய் அரசு ஆஸ்பத்திரில படுத்து, தேறி, திரும்பி வந்து டியூட்டில சேந்துட்டார், அதுக்கப்புறம் ஒரு நாள் ஆப்சென்ட் இல்ல. இதை நேர்மையா சொன்னா தண்டனை குறையத்தான் வாய்ப்பு. மொதல் ரெண்டு வாரத்துக்கு பேப்பர் இல்லங்கறது வீக்னஸ்தான், அதை ஏதாச்சும் கதை சொல்லி நிரப்பாதீங்க. வார்டு டாக்டர டி.டபிள்யூ.வா, அதாவது நம்ம பக்க சாட்சியா பேர் குடுங்க. அட்மிஷன்ல "கடந்த இத்தனை நாளாக"ன்னு ஹிஸ்டரி எழுதிருப்பாங்க, அந்த ஒரு வரி அந்த ரெண்டு வாரத்தையும் தாங்கும். கேஸ் ஷீட் காப்பி இப்பவே எழுதிக் கேட்டு வாங்குங்க.

விசாரணைல அவங்க சாட்சி பி.டபிள்யூ.ன்னு ரைட்டர், இன்ஸ்பெக்டர், ஆர்டர் ஒட்டுன ஆள் வருவாங்க. குறுக்கு விசாரணை உங்க வீட்டுக்காரர் உரிமை, "கேள்வி இல்லை"ன்னு கையெழுத்து போட்டுட்டு ஓடி வரக்கூடாது, பாதிப் பேர் அதிகாரி முன்னாடி உக்காரப் பயந்து அதைத்தான் பண்றாங்க. பொதுவா உள்ள வக்கீல் வர முடியாது, அதனால கேள்விய முன்னாடியே எழுதி எடுத்துட்டுப் போகணும். "இத்தனாந்தேதி இந்த நம்பர்லருந்து ஸ்டேஷனுக்கு போன் வந்ததா இல்லையா"ங்கறது மொதல் கேள்வி.

எஸ்.பி. ஆபீஸ் கிளார்க்:

நான் மினிஸ்டீரியல் ஸ்டாஃப், இந்த ஃபைலெல்லாம் எங்க டேபிள் வழியாத்தான் போகும். வக்கீல் சார் சட்டத்தைச் சொல்லிட்டார், நான் ஆபீஸ் பக்கம் சொல்றேன். மெமோ வாங்குன தேதி போட்டு கையெழுத்துப் போட்டாரான்னு பாருங்க, பதில் குடுக்க குடுத்த நாள் அந்தத் தேதிலருந்துதான் ஓடும். பத்தலன்னா டைம் கேட்டு ஒரு பெட்டிஷன் குடுங்க, மொதல் தடவை கேட்டா குடுத்துருவாங்க. அதோடயே டாக்குமென்ட் கேட்டும் எழுதுங்க, மெமோ பின்னாடி இணைப்புல என்னென்ன ரெக்கார்டு, யார் யார் சாட்சின்னு லிஸ்ட் இருக்கும், அது அத்தனைக்கும் காப்பி வேணும். லிஸ்ட்ல இல்லாத ஜி.டி. என்ட்ரி, டியூட்டி ரோஸ்டர் காப்பியும் கேளுங்க, அந்த அஞ்சு நாள் பந்தோபஸ்து அதுலதான் நிக்கும். எல்லாத்தையும் தபால் செக்ஷன்ல குடுத்து சீல் வாங்கிக்கோங்க, யார் கையிலயும் சும்மா குடுக்காதீங்க, "எனக்கு வரலையே"ன்னு சொல்ற ஆளுங்க இருக்காங்க.

இன்னொண்ணு, விசாரணை முடிஞ்சதும் டி.எஸ்.பி. ஒரு மினிட் எழுதுவார், நிரூபணம் ஆச்சா இல்லையான்னு. அதோட காப்பி குடுத்து உங்ககிட்ட மேல்விளக்கம் கேக்காம எஸ்.பி. தண்டனை போட முடியாது, 1993 சுப்ரீம் கோர்ட் கருணாகர் தீர்ப்புப்படி அது கட்டாயம். ஆனா அந்த மேல்விளக்கத்துக்கு நம்மாளுங்க "ஏற்கனவே கூறியதே"ன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டுப் போறாங்க, வயித்தெரிச்சல். எஸ்.பி. முடிவு பண்றதுக்கு முன்னாடி அவர் கடைசியா படிக்கற காகிதம் அது. பழைய தண்டனை ஏதாவது இருக்கா இவருக்கு?

காக்கிவீடு:

ஒரு பிளாக் மார்க் இருக்கு, ஆறு வருஷம் முன்னாடி பாரா டியூட்டில, அதான் காவலுக்கு நிக்கறப்ப, தூங்கிட்டார்னு. இந்த மெமோல அதைப் பத்தி ஒண்ணும் இல்ல.

எஸ்.பி. ஆபீஸ் கிளார்க்:

மெமோல இல்லைன்னா நல்லது. பழைய ரெக்கார்ட வச்சு தண்டனைய ஏத்தணும்னா அதைச் சொல்லி நம்ம பதில் கேட்டிருக்கணும், அறுபதுகள்ல வந்த மாஞ்சே கௌடா கேஸ்லருந்தே அதான் சட்டம், மைசூர்லருந்து போன கேஸ். ஃபைனல் ஆர்டர்ல திடீர்னு "கடந்தகால நடத்தையும் கருத்தில் கொள்ளப்பட்டது"ன்னு எழுதிருந்தா அந்த வரிய அடிக்கோடு போட்டு வச்சுக்கோங்க, அப்பீலுக்கு ஆகும்.

ஏ.ஆர். குரூப்:

சரி நான் சொன்னது தப்புதான், இந்த டி-அடிக்ஷன் மேட்டர் தெரியாம சொல்லிட்டேன். ஆனா அக்கா ஒண்ணு சொல்றேன், எங்காளுங்க ரெண்டு பேர் மன்னிப்பு லெட்டர் குடுத்து தப்பிச்சாங்கன்னேன்ல, அதுல ஒருத்தனுக்கு இப்ப போன் போட்டுக் கேட்டேன். ரெண்டு வருஷ இன்க்ரிமென்ட் கட், வித் கியூமுலேட்டிவ். அவனுக்கே அதோட அர்த்தம் தெரியல, ரெண்டு வருஷம் கழிச்சு திரும்பி வந்துரும்னு நெனச்சிட்டு இருக்கான். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சர்வீஸ்மேட்டர் வக்கீல்:

வராது தம்பி. கியூமுலேட்டிவ் இல்லாம கட் பண்ணா அந்த ரெண்டு வருஷம் மட்டும் நஷ்டம், முடிஞ்சதும் பழைய ஏணிப்படிக்கே வந்துருவார். கியூமுலேட்டிவ்னா அந்த ரெண்டு படி போனது போனதுதான், ரிட்டயர் ஆகறவரைக்கும் ஒவ்வொரு மாசமும் கொறச்சல், பென்ஷன்லயும் அதோட பாதிப்பு இருக்கும். அதனாலதான் 1990ல குல்வந்த் சிங் கில் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் அது சின்ன தண்டனை இல்ல, பெரிய தண்டனை, முழு விசாரணை இல்லாம போடக்கூடாதுன்னு சொல்லிச்சு. உங்க ஃபிரண்டுக்கு விசாரணை நடந்துச்சா, ஒத்துக்கிட்டதால நடக்கலையா, ஆர்டர் என்னைக்கு வந்துச்சுன்னு கேளுங்க. தப்பிச்சேன்னு சொல்றவங்கள்ல பாதிப் பேர் எதுல மாட்டுனோம்னு தெரியாமலே இருக்காங்க.

காக்கிவீடு அக்காவுக்கு, ஒருவேளை மோசமா ஏதாவது வந்தாலும் அதோட முடியல. எஸ்.பி. ஆர்டருக்கு டி.ஐ.ஜி.கிட்ட அப்பீல், ஆர்டர்ல போட்டிருக்கற கெடுவுக்குள்ள. முன்னாடி அரசு ஊழியர் சர்வீஸ் கேஸுக்குன்னே டிரிபியூனல்னு ஒண்ணு இருந்துச்சு, 2006ல மூடிட்டாங்க, இப்ப நேரா ஹைகோர்ட் ரிட்தான், உங்க ஊருக்கு மதுரை கிளை. ஆனா ஹைகோர்ட் சாட்சியத் திரும்ப எடை போடாது, முறையா நடந்துச்சா, தண்டனை மனசாட்சிய உலுக்கற அளவுக்கு ஓவரா இருக்கான்னுதான் பாக்கும். கேஸ டி.எஸ்.பி. முன்னாடியே ஜெயிக்கணும், இல்ல அங்கயே நல்லா பதிவு பண்ணணும். சார்ஜ் பெண்டிங்ல இருக்கறவரை கிரேடு ஒன் நிக்கும், அதனால இழுத்தடிக்க ஆசைப்படாதீங்க, சீக்கிரம் முடிக்கச் சொல்லி நாமளே எழுதலாம். ஆறு மாசத்துல முடிக்கப் பாருங்க, மீறுனா ஒரு வருஷம்னு 2015ல பிரேம்நாத் பாலி கேஸ்ல சொல்லிருக்கு.

பேர் வேணாம்:

எல்லாம் சரி, அஞ்சு நாள் தொடர்ந்து நிக்க வச்சவனுக்கு எந்த மெமோ? வாரம் ஒரு நாள் ஓய்வுன்னு 2021ல ஜி.ஓ. போட்டாங்க, எங்க ஸ்டேஷன்ல அது நோட்டீஸ் போர்டுல இருக்கு, ரோஸ்டர்ல இல்ல. கேக்க சங்கம் வைக்கலாம்னா 1966 சட்டம் ஒண்ணு இருக்கு, போலீஸ்காரன் அனுமதி இல்லாம சங்கம்னு சேந்தாலே குத்தம். வி.ஏ.ஓ.க்கு சங்கம் இருக்கு, வாத்தியாருக்கு இருக்கு, நமக்கு பொண்டாட்டிதான் சங்கம். இந்த அக்காவப் பாத்தாலே தெரியல?

ரிட்டயர்டு ரைட்டர்:

அந்த ஆதங்கத்தை மேல்விளக்கத்துல எழுதாம இருந்தா சரி. ரோஸ்டர் காப்பிய இணைச்சு, "தொடர்ந்து இத்தனை நாள் பந்தோபஸ்து பணியில் இருந்தேன்"னு மட்டும் எழுது, யாரையும் குத்தம் சொல்லாத. படிக்கறவருக்கே புரியும்.

காக்கிவீடு:

இன்னைக்கு ஜி.ஹெச். போய் கேஸ் ஷீட் காப்பிக்கு எழுதிக் குடுத்துட்டு வந்தோம், நாலு நாள் ஆகும்னாங்க. அட்மிஷன் ஹிஸ்டரில "கடந்த இருபது நாட்களாக அதிக குடி, உணவு இல்லை, நடுக்கம்"னு எழுதிருக்குன்னு அந்த நர்ஸம்மா புரட்டிப் பாத்துச் சொன்னாங்க, வக்கீல் சார் சொன்ன அதே வரி. டைம் கேட்டு பெட்டிஷன் தபால்ல குடுத்து சீல் வாங்கியாச்சு. போன் பண்ண விவரம் எடுக்கப் போனப்பதான் தெரிஞ்சுது, அவர் போன்லருந்து பண்ணல, என் போன்லருந்துதான் ஸ்டேஷன் லேண்ட்லைனுக்கு மூணு தடவை பண்ணிருக்கோம், ரெண்டு தடவை பேசுனதே நான்தான். அப்ப நானே சாட்சியா வரலாமா வக்கீல் சார்? சம்சாரம் சொன்னா எடுத்துப்பாங்களா?

சர்வீஸ்மேட்டர் வக்கீல்:

தாராளமா வரலாம். சம்சாரம்ங்கறதுக்காகத் தள்ள முடியாது, எவ்வளவு நம்பறதுங்கறதுதான் அவர் இஷ்டம், கால் விவரம் கையில இருந்தா நம்பித்தான் ஆகணும். டி.டபிள்யூ. 1 டாக்டர், டி.டபிள்யூ. 2 நீங்க. பதில் டிராஃப்ட் எழுதிட்டு பேர், ஊர், நம்பர் எல்லாத்தையும் அழிச்சிட்டு தனிச்செய்தில அனுப்புங்க, பாத்துத் தரேன்.